எரிமலை இல்லாத தீவில் ஒரு கிணறு

தீவுப் பகுதியில் அனர்த்தப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

உங்களுடைய பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நல்ல புத்தகம். சூறாவளிக்கு ஓர் அத்தியாயம், வெள்ளத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று, கடற்கோளுக்கு ஒன்று. எரிமலைக்கு ஒன்றும் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை. மண்டைதீவிலிருந்து நெடுந்தீவு வரை எங்கே மண்வெட்டி போட்டாலும் இரண்டாவது கொத்திலே சுண்ணாம்புக் கல் தட்டுப்படும். இந்த மண்ணுக்கும் எரிமலைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்படி இருந்தும் என் இருபத்தாறு வருடச் சேவையில் நான் விட்ட மிகப் பெரிய பிழை எரிமலையாலேதான் வந்தது. அதை இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், குறையொன்றும் இல்லாத சேவை என்று ஆளுக்காள் பேசினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்து, தந்த வடையையும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த அனர்த்தக் கந்தோருக்கு வேலைக்கு வர முன்பு நான் வேலணையில் புவியியல் ரியூசன் கொடுத்தவன். எரிமலைப் பாடம் என்றால் எனக்கு வெல்லம். எரிமலையைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளுக்கு, கண்டிராத வாத்தி ஒருவன் படிப்பிக்கிற பாடம் அது. எனவே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துப் படிப்பித்தேன். கஞ்சியும் கூழும்.

கஞ்சி தண்ணீர்ப் பதமாக இருந்தால் என்ன செய்யும்? பொங்கி, பானையின் விளிம்பால் வழிந்து, அடுப்படி எல்லாம் பரவும். ஆரவாரம் இல்லை. இளகிய குழம்பு அப்படித்தான் வழிந்து பரவிப் பரவி, கவிழ்த்து வைத்த கேடயம் போல அகன்ற மலையாகும். அது கேடய எரிமலை. பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற்கூழ் அப்படியல்ல. தடிப்பான சாமான். உள்ளே பிறக்கிற ஆவிக்கு வெளியே வர வழியில்லை. முட்டி முட்டி நின்று திடீரென்று வெடித்து, கிண்டுகிறவளின் கையைச் சுட்டுவிடும். தடித்த குழம்புள்ள எரிமலையும் அப்படி வெடிக்கும். ஒருமுறை சாம்பல், ஒருமுறை குழம்பு என்று மாறி மாறிப் படிந்து செங்குத்தாக உயர்ந்து நிற்கும். அது கூட்டு எரிமலை. கக்கிய துண்டுகளும் தணலும் வாயைச் சுற்றிக் குவிந்து சின்னதாக எழும்பினால் அது சாம்பற் கூம்பு. கொதிக்கிற பாறையில் தண்ணீர் பட்டால் குழம்பு வெளியே வராமலே நீராவி மட்டும் வெடிக்கும், காய்ந்த தாச்சியில் தண்ணீர் தெளித்தது போல. எல்லாவற்றிலும் சூத்திரதாரி ஒன்றுதான், உள்ளே அடைபட்டுக் கிடக்கிற வாயு. மேலே இருக்கிற பாரம் குறைந்தால் அது கிளம்பும். மூடி திறந்த சோடாப் போத்தலைப் பார்த்தால் விளங்கும் என்பேன்.

அதற்குப் பிறகு உயிர்ப்புள்ள எரிமலை, உறங்கும் எரிமலை, அவிந்த எரிமலை என்று மூன்று வகை எழுதுவிப்பேன். என் கொப்பியில் கடைசிப் பக்கம் ஒன்றும் இருந்தது. ஆப்பிரிக்காவில் ஓர் எரிமலை வாயில் தேங்கிய ஏரியைப் பற்றியது. அங்கே நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. ஏரியின் அடியில் கரைந்து கிடந்த வாயு ஒரு நாள் வெளியே வந்தது. காற்றை விடப் பாரமான வாயு என்றபடியால் பள்ளம் பார்த்து இறங்கி, தாழ்வான ஊர்களில் கிடந்த சனத்தையும் மாடுகளையும் சத்தமில்லாமல் கொன்றது. அந்தப் பக்கத்தைப் படிப்பிக்கும்போது வகுப்பு அடங்கிவிடும். இந்தப் பக்கத்தை ஞாபகம் வைத்திருங்கள், பின்னால் வருகிறது.

கந்தோரில் எனக்கு முதல் மேலதிகாரியாக இருந்தவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் எழுதுவது அவருக்குப் பிடித்திராது. மனிதன் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. நான் சேர்ந்த புதிதில் மண்டைதீவிலிருந்து ஒரு கதை வந்தது. கரையோரப் பனங்கூடலுக்குள் நீல நிறத்தில் பேய் மின்னுகிறது, மீன்பிடிச் சனம் அந்தப் பக்கம் போகப் பயப்படுகிறது என்று. நான் சிரித்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். போய்ப் பார்த்தால் மின்கம்பி ஒன்று அறுந்து, ஈரமான பனை மட்டையில் உரசிக்கொண்டு கிடந்தது. திரும்பி வரும்போது வாகனத்தில் வைத்து எனக்குச் சொன்னார்:

"சனம் வந்து பேய் எண்டால், பேய் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வராதையும். என்னத்தைக் கண்டிட்டுப் பேய் எண்டுதுகள் எண்டு பாத்திட்டு வாரும்."

கொப்பியில் எழுதி, கீழே கோடும் போட்டு வைத்தேன். எழுதினால் படித்துவிட்டேன் என்று நினைக்கிற வாத்திப் புத்தி எனக்கு.

அவர் ஓய்வு பெற்று, அவருடைய கதிரைக்கு நான் வந்து சில வருடங்கள் போயிருக்கும். மாரி மழை விட்ட கிழமை. ஒரு காலையில் தீவுகளில் மெல்லிய நில நடுக்கம் ஒன்று உணரப்பட்டது. எங்கேயோ தூரக் கடலுக்கடியில் நடந்ததன் வால். அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கியதோடு சரி. ஆனால் மூன்றாம் நாள் நெடுந்தீவில் ஒரு பாழ்க்கிணறு குமிழி விடத் தொடங்கியது. ஒருவர் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்ப, அது கனடாவுக்குப் போய், இலண்டனுக்குப் போய், 'நெடுந்தீவில் எரிமலை' என்ற தலைப்போடு திரும்பி வந்தது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தாய் தகப்பனுக்கு அழைத்து, உடனே வெளிக்கிடுங்கோ என்று அழுதார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் பையோடு இறங்குதுறைக்கே வந்துவிட்டன.

மேலிடத்திலிருந்து எனக்கு வந்த கட்டளை ஒரு வரி. போய்ச் சனத்தை அமைதிப்படுத்தவும். என்னவென்று பார்க்கவும் என்று அதில் இல்லை. இல்லாததை நான் கவனிக்கவும் இல்லை. எனக்கு உள்ளூரச் சந்தோசம். இருபது வருடத்துக்குப் பிறகு எரிமலைப் பாடம்! பழைய விளக்கப் படத்தைத் தேடித் தூசி தட்டிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குறிகட்டுவானில் படகு ஏறினேன்.

கிணற்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் கனகு. நாற்பது வயது மதிக்கலாம். பனை வேலை, வேலி அடைப்பு, கிணறு கலக்கி இறைப்பது எல்லாம் அவருக்குக் கைவந்த தொழில். தீவில் யாருடைய கிணற்றில் சேறு வாருவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காணிக்காரர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். கிணறு பற்றைக்குள் கிடந்தது. மூன்று ஆள் ஆழம் வரும். ஒரு காலத்தில் நல்ல தண்ணீர்க் கிணறாம். பிறகு கேட்பாரில்லாமல் ஓலையும் மட்டையும் குப்பையும் விழுந்து, ஒரு வறட்சியில் செத்த மாட்டையும் யாரோ அதற்குள்ளேயே தள்ளிவிட்டார்கள்.

"இதைத் திருப்பி எடுத்தமெண்டால் இந்தக் குறிச்சிக்கே குடிதண்ணிப் பிரச்சினை தீரும் ஐயா" என்றார் கனகு. "என்ரை மனுசி ஒரு குடம் தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கிறாள் தெரியுமோ?"

நான் கிணற்றுக்கட்டில் கை ஊன்றி எட்டிப் பார்த்தேன். கறுத்த தண்ணீர். அங்கங்கே குமிழி எழும்பி உடைந்தது. கூழ்முட்டை மணம் மூக்கைப் பிடுங்கியது. லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, கையை நீட்டிக் கல்லைத் தொட்டேன். குளிர்ந்த கல். சூடில்லை, ஆவியில்லை. எரிமலை இல்லை என்பது அந்த நிமிடமே முடிந்துபோன விசயம். முழுதாக இரண்டு நிமிடம் நின்றிருப்பேனோ தெரியாது.

சனசமூக நிலையம் நிறைய ஆட்கள். பின்னேரப் படகுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. படத்தைச் சுவரில் கொளுவிவிட்டுத் தொடங்கினேன். அன்றைக்கு நான் பேசியது போல ஒருநாளும் பேசியதில்லை. கஞ்சி வந்தது, கூழ் வந்தது, சோடாப் போத்தல் வந்தது. பயந்து வந்த சனத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எரிமலைகள் பெரும்பாலும் நிலத் தட்டுகளின் விளிம்பில்தான் வரும், நாங்கள் இருப்பது விளிம்பிலிருந்து வெகு தூரத்தில், எங்கள் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல் என்றேன். ஆப்பிரிக்க ஏரியின் பக்கத்துக்கு வந்தபோது மணிக்கூட்டைப் பார்த்தேன். பயத்தைப் போக்க வந்த இடத்தில் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டேன்.

உயிர்ப்பு, உறக்கம், அவிந்தது என்று மூன்று வகையையும் சொன்னபோது முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"ஐயா, அவிஞ்ச எரிமலை எண்டால், வெந்ததோ?"

எல்லோரும் சிரித்தார்கள். கிழவரைக் குறை சொல்ல ஏலாது. எங்கள் ஊரில் கிழங்கு அவியும், முட்டை அவியும், வெயிலில் மனிதரும் அவிவார்கள். விளக்கு மட்டும் அவிவதில்லை, அணைந்தால் அது நூரும். புத்தகத் தமிழ் வேறு, குசினித் தமிழ் வேறு.

"இல்லையப்பு, நூந்த எரிமலை" என்றேன். "விளக்கு நூந்தமாதிரி."

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். மெலிந்த உருவம். கனகுவின் மனைவி பரமேஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஐயா, அப்ப உந்த மணம் என்ன மணம்?"

சபை என் கையில் இருந்தது. அப்படியான நேரத்தில் நாக்குக்குச் சொல்வழி கேட்கத் தெரியாது. நான் சொன்னேன்:

"அதோ? அது அவிஞ்ச எரிமலைக்குள்ளை ஆரோ முட்டை அவிக்கிறாங்கள் பிள்ளை!"

மண்டபம் அதிர்ந்தது. பையோடு துறைக்குப் போய் வந்த சனம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. கனகுவும் தொடையில் தட்டிச் சிரித்தார். பரமேஸ் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். அவளுடைய முகத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிப் பொய் எழுத மாட்டேன்.

நான் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கனகு கிட்ட வந்தார்.

"அப்ப ஐயா, கிணத்தை இறைக்கலாமோ?"

"ஓம் ஓம், ஒண்டுமில்லை. இறைச்சுச் சேத்தை வாரிவிட்டால் மணமும் போயிடும், நல்ல தண்ணியும் வந்திடும்."

இவ்வளவுதான். படகுக்கு நேரமாகிவிட்டது என்ற அவதியில், ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு சொன்னது. அரை மணித்தியாலத்துக்கு முன்தான் மூடியைத் திறந்தால் வாயு கிளம்பும் என்று சோடாப் போத்தலைக் காட்டிப் படிப்பித்தவன், அதே வாயால் கிணற்றின் மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மாடும் ஓலையும் அழுகிப் பிறந்த வாயு அந்தச் சேற்றுக்குள் கிடந்தது, தண்ணீர்தான் அதற்கு மூடி.

படகிலேயே அறிக்கை எழுதினேன். 'எரிமலைச் செயற்பாடு ஒன்றுமில்லை. மக்கள் அமைதியாக உள்ளனர்.' கையெழுத்து வழமையை விட வடிவாக விழுந்தது. அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கந்தோர்த் தொலைபேசி அடித்தது. நெடுந்தீவின் கிராம அலுவலர், விதானையார்.

"ஐயா, கனகு கிணத்துக்கை விழுந்திட்டான்."

"தண்ணி எவ்வளவு நிக்குது?" என்று கேட்டேன்.

"தண்ணி இல்லை ஐயா. எல்லாம் இறைச்சாச்சு."

அந்தப் பதில்தான் எனக்கு விளங்கிய இடம். கொப்பியின் கடைசிப் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "ஒருத்தரையும் இறங்க விடாதையுங்கோ" என்று கத்தினேன். "விடேல்லை ஐயா, பரமேஸ் விடேல்லை" என்றார் அவர்.

நடந்ததைக் கனகுவின் தம்பியும் விதானையாரும் எனக்குப் பிறகு சொன்னார்கள். முதல் நாள் முழுக்க மிசின் வைத்துத் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். மற்ற நாள் காலை சேறு வார வேண்டும். பாழ்க்கிணற்றில் இறங்க முன்பு கனகு எப்போதும் ஒரு காரியம் செய்வார். அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கயிற்றில் கட்டிக் கீழே விடுவார். லாம்பு நூர்ந்தால் அன்றைக்கு இறங்குவதில்லை. அவருக்குத் தகப்பன் காட்டிக் கொடுத்த முறை. அன்றைக்கும் பரமேஸ் லாம்பைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கையில் கொண்டு வந்திருக்கிறாள்.

"இஞ்சேரப்பா, விளக்கை விட்டுப் பாத்திட்டு இறங்குங்கோவன்."

"ஐயாவே ஒண்டுமில்லை எண்டிட்டார். பேந்தென்ன விளக்கு? அதோடை இப்ப மணமும் இல்லையடி, மணந்து பார்."

மணம் உண்மையிலேயே அவருக்கு வரவில்லை. கிணற்றுக்கட்டில் குனிந்து நின்று நெடுநேரம் சேற்றைக் கம்பால் கிண்டியிருக்கிறார். அந்த வாயு கூடினால் முதலில் மூக்கைத்தான் மரக்கச் செய்யும், மணம் நின்றதென்றால் சுத்தமாயிற்று என்று அர்த்தமில்லை என்று வைத்தியர் எனக்குப் பிறகு சொன்னார். கனகு வாளியோடு இறங்கினார். காலால் சேற்றை மிதித்தார். ஒருமுறை மேலே பார்த்தார். அப்படியே முழங்காலில் குந்தி, முகம் குப்புற விழுந்தார்.

தம்பிக்காரன் அண்ணை என்று கத்திக்கொண்டு கிணற்றுக்கட்டில் ஏறினான். யாராக இருந்தாலும் ஏறுவோம். பரமேஸ் பின்னாலிருந்து அவனுடைய இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள். "விடுங்கோ மச்சாள், அண்ணை கிடக்கிறார்!" என்று அவன் திமிறினான். அவள் விடவில்லை. நிற்கிற ஆட்களிடம் லாம்பை இறக்கச் சொன்னாள். கயிற்றில் லாம்பு இறங்கியது. பாதி ஆழம் தாண்டியதும் சுடர் சுருங்கி, கனகுவின் முதுகுக்கு எட்ட முன்பே நூர்ந்துவிட்டது.

லாம்பு நூர்ந்ததைப் பார்த்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. புருசன் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறான். கொழுந்தனை விட்டால் ஒருவேளை தூக்கிவிடுவான் என்று மனம் சொல்லும். "நீயும் போனால் மாமிக்கு ஆரடா இருக்கினம்?" என்று கேட்டு அவனை நிலத்தில் இருத்தினாளாம். கடைசியில் வாளி எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் விட்டு, இடுப்புச் சாரத்தில் கொளுவியே கனகுவை மேலே எடுத்தார்கள். நேரம் கடந்துவிட்டது.

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பயிற்சி எடுத்தேன், எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன். நெருக்கடியில் ஒருவர் எடுத்த சரியான முடிவு எது என்று யாராவது என்னைக் கேட்டால், பரமேஸ் அந்த இடுப்பை விடாமல் பிடித்ததைத்தான் சொல்லுவேன். என்னுடைய முடிவு ஒன்றும் அதற்குக் கிட்ட நிற்காது. அவள் படித்தது எட்டாம் வகுப்பு.

விசாரணை நடந்தது. விபத்து என்று முடிந்தது. என் அறிக்கையையும் பார்த்தார்கள். எரிமலைச் செயற்பாடு ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன், அது முழு உண்மை, ஓர் எழுத்தில்கூடக் குற்றம் பிடிக்க ஏலாது. கந்தோரில் தோளில் தட்டி, யானைக்கும் அடி சறுக்கும் என்றார்கள். அன்றிலிருந்து அந்தப் பழமொழியைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சறுக்கியது என்னுடைய கால், விழுந்தது கனகு. என் பழைய மேலதிகாரி அப்போது உயிரோடு இருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவர் காலமான பிறகும் அவருடைய படத்துக்கு முன்னால் தலையை நிமிர்த்தி நிற்க முடியவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டிய தொழில் விசயத்தை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். பாழ்க்கிணறு, மலகூடக் குழி, அடைத்துக் கிடந்த தாங்கி எதற்குள்ளும் ஒருவரையும் இறங்க விடாதீர்கள். விழுந்தவரை எடுக்க என்று இறங்குகிறவர்தான் இரண்டாவது பிணம். கனகுவின் லாம்பும் இன்றைக்குப் போதாது, சில வாயு அதிலேயே பற்றிக்கொள்ளும். அளக்கிற கருவி உண்டு, மூச்சுக் கவசம் உண்டு, அதற்கென்று பழகிய ஆட்கள் உண்டு. வரும்வரைக்கும் கிணற்றடியில் காவல் இருங்கள். சனம் பேசும், பேசட்டும். படகு போனால் போகட்டும், அடுத்த நாளும் படகு வரும்.

இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

செத்தவீட்டுக்கு நான் போனேன், ஆனால் பரமேஸுக்கு முன்னால் போகவில்லை. ஆட்களோடு ஆளாக வேலியோரம் நின்றுவிட்டு வந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கிழமை மனம் கேட்காமல் திரும்பவும் படகு ஏறினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு பேச்சையே ஆயத்தம் பண்ணிக்கொண்டு போனேன். மேடைப் புத்தி சாகாது.

என்னைக் கண்டதும் அவள் முற்றத்துக்குக் கதிரை கொண்டுவந்து போட்டாள். பாலில்லாத பிளேன் ரீ தந்தாள். தண்ணீர் உவர்த்தது. தூரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு நடக்க இப்போது அவளுக்கு நேரம் இல்லை போலும். நான் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பேசத் தொடங்கினேன்.

"பிள்ளை, அண்டைக்கு நான் எரிமலையைப் பற்றி..."

"எரிமலையைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதானே ஐயா" என்றாள். "நான் எரிமலையைக் கேக்கேல்லை. மணத்தைத்தான் கேட்டனான்."

ஆயத்தம் பண்ணிய பேச்சு அதோடு முடிந்தது. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் முற்றத்துக் குப்பையைக் கூட்டி அள்ளிக்கொண்டே, வழமையான குரலில் சொன்னாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. சபையைச் சிரிக்க வைக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு பெண்ணின் கேள்வியை மிதித்தேன், மிதித்த இடத்தில்தான் பதில் இருந்தது. எரிமலை என்பது அவர்களுக்குக் கிடைத்த சொல். மண்டைதீவுக்காரருக்குப் பேய் கிடைத்தது போல. அந்தச் சொல்லைப் பொய் என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன்.

வேலிக்கு அப்பால், ஆட்கள் கற்களை அடுக்கி மறைத்த அந்தக் கிணற்றுப் பக்கம் அவள் கையைக் காட்டினாள்.

"சனம் அதைத் தூர்க்கச் சொல்லுது ஐயா. கொழுந்தன் வேண்டாமெண்டுறான், அண்ணை ஆசைப்பட்ட தண்ணி எண்டு. அதைத் தூர்க்கிறதோ, விடுறதோ? தூர்த்தால் உள்ளை கிடக்கிறது வேறை எங்கையும் வருமோ? நீங்கள் படிச்சனீங்கள், அதையாவது சொல்லுங்கோ."

என் வாயில் ஒரு பதில் வந்து நின்றது. எப்போதும் வரும். இத்தனை வருடப் பழக்கம். நான் அதை விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "தெரிஞ்ச ஆக்களைக் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுறன்."

பரமேஸ் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றாள்.